எச்சரிக்கைப் பலகைக்கு அருகில்

2025 பிப்ரவரி 9, ஞாயிறு, காலை ஆறு நாற்பது. மழை ஓய்ந்து, நிக்கோபாரின் கச்சால் தீவின்மேல் மெல்லிய மேகம் பரவியிருந்தது, காற்று இல்லை. புதிய லென்ஸைச் சோதிக்க அதைவிடத் தகுந்த ஒளி அமையாது. என் மிரர்லெஸ் கேமராவுக்காக வாங்கிய நூறு-நானூறு ஜூம் லென்ஸ் அது. முந்தைய நாள்தான் போர்ட் பிளேயர் கப்பலில் வந்திருந்தது. அதில் இன்றுவரை நான் ஒரு குறையும் காணவில்லை.

நான் இங்குள்ள பள்ளியில் தமிழாசிரியன். உப்பங்கழிக் கரையில் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் ராக்கப்பன் வலையோடு வந்தார். முதலைக்கு, இங்குள்ளவர் வாயில் மகருக்கு, அஞ்சி, ஒருவர் நீரில் இறங்கினால் இன்னொருவர் கரையில் நின்று நீரைக் கவனிப்பது இங்கு வழக்கம்.

"என்னா மாஸ்டர், பீரங்கி கணக்கா இருக்கு. யாரச் சுடப் போறீங்க?"

"மீன்கொத்தியை."

"அப்பிடியே நம்ம பக்கமும் ஒரு கண்ணு வைங்க. மகர் வந்தா சத்தம் குடுங்க. எப்பவும் மருதாயிதான் நிப்பா, இன்னைக்குக் காய்ச்சல்ல படுத்துட்டா."

சரி என்றேன்.

மீன்கொத்தி வரவில்லை. லென்ஸை நூறில் வைத்து முழுக் காட்சியையும் எடுத்தேன். இடக்கோடியில் இடுப்பளவு நீரில் ராக்கப்பன். வலக்கோடியில், வெகு தொலைவில், முதலை வரைந்த எச்சரிக்கைப் பலகை. நடுவே ஏதோ மிதந்தது. நானூறுக்குத் திருப்பினேன். இரண்டு கண்கள். இமையின் மடிப்புகூடப் பிசிறின்றித் தெரிந்தது.

ஆனால் பலகை சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு, பலகை ராக்கப்பனின் தோளுக்குப் பின்னே வந்தமையும்வரை கரையோரமாக நடந்தேன். நீரில் ஒரு முதலை, பலகையில் ஒரு முதலை, இடையில் மனிதர். அத்தகைய அமைப்பு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும். படத்தை எடுத்தேன், பிறகு சத்தமிட்டேன். நான் சத்தமிடவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

பலகையை ஒட்டிய நீர் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே முதலை தாக்கி இறப்போரின் குடும்பத்துக்கு நிவாரணம் இல்லை. தன் கணவர் ஒருநாளும் பலகைப் பக்கம் போனதில்லை என்று மருதாயி விசாரணைக் குழுவிடம் அழுதார். நிவாரணம் வந்தால்தான் மகள் ராணி நர்சிங் படிப்பை முடிக்க முடியும். குழு என்னிடம் ஒரு படம் கேட்டது. இருப்பதில் சிறந்ததைக் கொடுத்தேன்.

நெடுந்தொலைவிலிருந்து நெருக்கி எடுக்கும் படத்தில் இடைவெளிகள் சுருங்கும். எங்கோ பின்னால் நிற்கும் பலகை தோளை உரசுவதுபோல் தோன்றும். கேமரா பிடிப்பவர் அனைவரும் அறிந்தது. குழு கேட்கவில்லை. மெய்யான இடைவெளி முதல் படத்தில் உள்ளது. முதலையும் அதே படத்தில் உள்ளது. அதைக் கொடுத்தால், இரண்டு படங்களுக்கும் இடையே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற தேவையற்ற வினா எழும். கேட்டது ஒரு படம். கொடுத்தது ஒரு படம். அதில் ஒரு புள்ளியைக்கூட நான் திருத்தவில்லை.

நேற்று, கையெழுத்திட்ட முடிவை அலுவலர் மருதாயியிடம் நீட்டினார். மருதாயி என்னைத்தான் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

"நீங்களே வாசிங்க மாஸ்டர். கடைசிவரைக்கும் அவரு பக்கத்துல நின்னது நீங்க ஒருத்தர்தான்."

இந்தியில் இருந்ததைப் பிழையின்றித் தமிழில் சொன்னேன்: "இறந்தவர் எச்சரிக்கைப் பலகைக்கு அருகில் நின்றிருந்தது படத்தில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக உள்ளது. நிவாரணம் மறுக்கப்படுகிறது."

அந்த லென்ஸின் தெளிவை இவ்வளவு சுருக்கமாக எவரும் பாராட்டியதில்லை. தாளைக் கசங்காமல் அவர் கையில் கொடுத்தேன்.