நாற்காலியை அறுத்த அத்தை

மணி பதினொன்றே கால் இருக்கும். கடைசிப் பேருந்து திருப்பத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஆளில்லாத சாலை... விளக்குக் கம்பம் இரண்டு, எரிந்தது ஒன்று. நம்ம சிநேகிதன் நெட்டையனுடைய அத்தை, கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு நடந்து வருகிறார். இதைச் சொன்னது நெட்டையன்தான்; சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் நெட்டையன் பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய கற்பனை அவனுக்குக் கிடையாது.

அத்தைக்கு வேலை, பொம்மை வீட்டுக்கு அறை செய்வது. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. தரை, கூரை, மூன்று சுவர். நாலாவது பக்கம் திறந்தே இருக்கும், பார்க்கிறவர் எட்டிப் பார்க்க. சுவரில் சன்னல், நகத்தளவு தலையணை, எரிகிற விளக்கு, எல்லாம் உண்டு. பதினைந்து வருஷமாகச் சமையல் மேடை ஓரத்தில் உட்கார்ந்துதான் செய்தார். வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. முன்னறை பூட்டியே கிடந்தது. அது மாமனார் அறை. மனுஷன் போய் ஒன்பது வருஷம்... உள்ளே அவருடைய தேக்கு நாற்காலி மட்டும். உயிரோடு இருந்தபோது சுருட்டும் கையுமாக அவரே உட்கார்ந்திருப்பார்; அதில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை.

அந்த வருஷம் ஒரு கண்காட்சிக்கு அத்தையிடம் ஒரு அறை கேட்டார்கள். முதல் முறை. அத்தை முன்னறைப் பூட்டை உடைத்து, மேசையைப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். பழைய தேக்கு வளையாது, வெடிக்காது. சின்ன வேலைக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது. நாற்காலியை அறுத்து, சீவி, மெல்லிய பலகைகளாக்கி, பொம்மை அறைக்குத் தரை போட்டுவிட்டார்.

"அப்பா நாற்காலிடி அது!" என்று அலறினார் அவர் வீட்டுக்காரர்.

"அப்பா எழுந்து போயி ஒன்பது வருஷமாச்சுங்க."

அந்த ராத்திரிக்கு வருவோம். கண்காட்சிக் கூடத்தில் அந்தப் பெட்டியை வைத்து அளவெடுத்துவிட்டு அத்தை வீடு சேர்ந்தால், முன்னறைச் சன்னலில் வெளிச்சம். வீட்டுக்காரர் உள்ளறையில் குறட்டை. முன்னறைக் கதவுக்குப் பின்னால் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். சர்... சர்... கொஞ்சம் நின்று... சர்.

கதவைத் திறந்தார். யாரும் இல்லை. சுருட்டு வாசனை மட்டும். பொம்மை அறையின் நடுவில் ஒரு நாற்காலி. மூன்று அங்குல உயரம். வலது கைப்பிடியில் மாமனார் கை பட்டுத் தேய்ந்த பள்ளம்கூட அப்படியே. சுற்றிலும் தரையில் நாலு பலகையைக் காணோம்.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூட்டெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க மாமா" என்றார். அப்புறம் அதை அடுப்பில் போட்டுவிட்டு, மிச்ச மரத்தில் நாலு பலகை சீவி ஒட்டினார்.

மறுநாள் ராத்திரியும் நாற்காலி. மறுபடி அடுப்பு. ஆறு ராத்திரி இப்படியே. மிச்ச மரம் தீர்ந்தது. கண்காட்சிக்கு மூன்று நாள். பொம்மை அறையின் தரை பொக்கை வாய் மாதிரி கிடந்தது.

"அறையக் குடுத்துடுடி" என்று கெஞ்சினார் வீட்டுக்காரர். "நீ பழையபடி சமையல்கட்டுலயே..."

"பதினஞ்சு வருஷம் பூண்டு நாத்தத்துல பொம்மைக்கு மெத்தை தச்சாச்சு. இனி முடியாது. உங்கப்பாவுக்கு அறைதானே வேணும்? குடுத்துட்டாப் போச்சு."

அன்றைக்கு நாற்காலியை எடுக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு மணிக்குச் சுருட்டு வாசனை வந்தது. பொம்மை நாற்காலி மெல்ல, கிரீச்... யாரோ சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

அத்தை, அறுத்துத் தயாராக வைத்திருந்த பலகையை எடுத்தார். ஓரமெல்லாம் பசை. திறந்திருந்த நாலாவது பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். உள்ளேயிருந்து தட்டல். முதலில் மெதுவாக... பிறகு பலகையே அதிர்கிற மாதிரி. பசை காயும்வரை கையை எடுக்கவில்லை.

"அது உங்க அறை. இது என் அறை. அவ்வளவுதான் மாமா."

மூன்று நாளில் சாதா மரத்தில் வேறொரு அறை செய்து கண்காட்சிக்கு அனுப்பினார். அடைத்த அறை அலமாரி மேலே போனது. அதன் விளக்குக்குப் போகிற கம்பியையும் வெட்டிவிட்டார்.

அடுத்த மாதம் நெட்டையன் விடுமுறைக்குப் போனவன் முன்னறையில்தான் படுத்தான். நடுராத்திரி கண் விழித்தால்... அலமாரி மேலே, கம்பியில்லாத விளக்கு எரிகிறது. முக்காலி போட்டு ஏறி, பொம்மைச் சன்னல் வழியாகப் பார்த்தான். நாற்காலியில் யாரும் இல்லை. தரையில் பலகையே இல்லை, எல்லாம் பெயர்த்தாயிற்று. நாற்காலிக்கு முன்னால் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு அறை. மூன்று சுவர். ஒரு மேசை. மேசை மேல் குனிந்தபடி, கண்ணாடி போட்ட ஒரு பெண். பக்கத்தில், நாலாவது பக்கத்துக்கு அறுத்து வைத்த பலகை.

விடிந்ததும் அத்தையிடம் சொன்னான்.

"அளவு சரியா இருக்காடா?"

"இருக்கு அத்தை."

"எந்தப் பக்கம் திறந்திருக்கு?"

"இந்த முன்னறைக்குக் கதவு இருக்கிற பக்கம்."

அத்தை எழுந்தார். தன் மேசையை இழுத்துக்கொண்டு போய், பாதி அறைக்குள்ளும் பாதி வெளியிலுமாக, கதவுக்குக் குறுக்கே போட்டார். முக்காலியில் உட்கார்ந்து இடுக்கியை எடுத்தார். "இப்ப மூடட்டும் பாப்போம்."

அன்றைக்கு ராத்திரி நெட்டையன் மறுபடி ஏறிப் பார்த்தான். அந்தப் பெண்ணின் மேசையும் நகர்ந்திருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே.

பலகை பக்கத்திலேயே சாய்ந்திருந்தது... அதன் அடியில், மேசை நுழைகிற அளவுக்குக் கச்சிதமாக ஒரு வெட்டு. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று.