அடுத்த வருஷம் சொல்கிறேன் என்றவர்

மேடையில் இருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மறைந்த மருத்துவரின் கணவர் அவர்களே, பணிநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் செவிலியர்களே, பின்னால் நிற்கும் நோயாளிகளே, அனைவருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் அதிகம் பேச எனக்குத் தெம்பில்லை.

பெயர்ப்பலகையில் மறைந்த நம் மருத்துவர் தைராய்டு நிபுணர். உங்களுக்கெல்லாம் கழுத்து டாக்டர். அடுத்த அறையில் இதய மருத்துவனாக இருக்கும் எனக்கு அக்கா.

சோர்வாக இருக்கிறது என்று வருகிறவரை நாம் என்ன செய்கிறோம்? நன்றாகத் தூங்குங்கள் என்கிறோம். சத்து மாத்திரை எழுதுகிறோம். வீட்டிலோ சோம்பேறிப் பட்டம். அக்கா மட்டும்தான் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். தைராய்டு லேசாக மந்தமானாலே கொழுப்பு ஏறுமோ, ரத்தக்குழாய் தன் நெகிழ்வை இழக்குமோ என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை. அதற்காகவே வியாழக்கிழமைகளில் கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து பார்த்துவந்தார்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் தையல்காரம்மாவுக்கும் அந்த லேசான தைராய்டு மந்தம்தான். போன வருடம் அவர் அக்காவிடம் கேட்டார்: "மாத்திரை போட்டா ரத்தக்குழாய் சரியாயிடுமா டாக்டர்?"

"தெரியலம்மா. உங்களுக்கு இப்ப மாத்திரை வேணுமாங்கிறதே சந்தேகம்தான். திரும்ப ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டு அடுத்த வருஷம் சொல்றேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் கழுத்த நீட்டுனது உங்ககிட்டதான். பாத்துச் சொல்லுங்க."

தெரியவில்லை என்று சொல்ல எத்தனை மருத்துவர்களுக்கு வாய் வரும்? எனக்கு வராது. "ஒரு மாத்திரைய எழுதிக் குடுத்து அனுப்புங்கக்கா, ஏன் இழுத்தடிக்கிறீங்க?" என்று நான் சலித்துக்கொண்டபோது சிரித்தார். "நீ குழாய் அடைச்சதுக்கப்புறம் பாக்குறவன். நான் அதுக்கு முன்னாடி பாக்குறேன். நேரமாகத்தான்டா செய்யும்."

அந்த நேரம் அவருக்குக் கிடைக்கவில்லை. நுரையீரல் காய்ச்சல் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. இன்று காலை அவர் அறைக்கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. முடிவு எதுவும் வராததால் வியாழக்கிழமை ஸ்கேன் நிறுத்தப்படுகிறதாம், அறை வேறு பிரிவுக்குப் போகிறதாம்.

தலைவர் அவர்களே, கோபப்படவும் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை. ஒன்றுதான் கேட்கிறேன். பாதி வழியில் நிறுத்திவிட்டால் முடிவு எங்கிருந்து வரும்? இத்தனை பேர் நம்பி வந்தார்களே, அவர்களுக்கு யார் பதில் சொல்வது? அந்த அறையின் சாவி என் பையில் இருக்கிறது. மன்னியுங்கள், அதைத் தருவதாக இல்லை. என் வேலை முடிந்த பிறகு நானே அங்கே உட்காருகிறேன். அக்காவின் கணவர் முன்னிலையில் இதைச் சொல்கிறேன்.

தையல்காரம்மா, இந்த வியாழக்கிழமை வாருங்கள். மாத்திரை வேண்டுமா என்று எனக்கும் தெரியாது, பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அக்கா சொன்ன அடுத்த வருஷம் வந்துவிட்டது.