லியோனிலா அக்காவின் நான்கு மணித் தீவனம்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, எங்கள் முட்டை உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், லியோனிலா அக்காவின் கணவர் பெர்னாபே அண்ணன் அவர்களே, படாங்காஸ் மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். இந்த ஒலிவாங்கியின் முன் நிற்க வேண்டியவள் நான் அல்ல. என் பெயர் கிரேசில்டா மாக்சினோ. சங்கத்தின் தீவனக் கலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்பதால் எனக்குப் பேச வரும் என்று துணைத்தலைவர் நினைத்துவிட்டார். வராது. எழுதி வந்ததைத்தான் படிக்கிறேன்.

நம் சங்கத்தின் தலைவி, லியோனிலா திமாயுகா அவர்களை நேற்று அடக்கம் செய்தோம். அவர் உடல் வீட்டில் இருந்த நாள்களில் ஊரே அங்கேதான் இருந்தது. அதே நாள்களில் நம் கொட்டகைகளில் முட்டை ஓடு மெலிந்துவிட்டது. எடுக்கும்போதே விரிசல் விடுகிறது. சில முட்டைகள் ஓடே இல்லாமல் தோலோடு விழுகின்றன. திங்கட்கிழமை மணிலா வியாபாரியின் வண்டி வருகிறது. இந்தத் தட்டுகளைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஏனென்றால் அவர் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்! "ஓடு கட்டின முட்டை கெடச்சா கூப்பிடுங்க" என்று சொல்லி, வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாரே, மறந்துவிட முடியுமா? அன்று நாம் யாரைத்தான் குறை சொல்லவில்லை? ஓட்டுநரைச் சொன்னோம். சாலைப் பள்ளத்தைச் சொன்னோம். குஞ்சு விற்றவரைச் சொன்னோம். யாரையும் சொல்லாமல் கொட்டகை கொட்டகையாகப் போய்த் தீவனத் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தவர் யார்? லியோனிலா அக்கா!

அவர் கையில் ஒட்டியது மாவு. முட்டை ஓடு கெட்டிப்படத் தீவனத்தில் சேர்க்கும் சிப்பி ஓட்டை எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு வீடும் போட்டி போட்டுக்கொண்டு அரைத்த காலம் அது. சல்லடையில் சலித்து, குழந்தைக்குப் பூசும் பவுடர் மாதிரி வைத்திருந்தார்கள். அதைக் கொட்டிவிட்டுக் குருணையாக உடைத்துப் போடச் சொன்னபோது சங்கக் கூட்டத்தில் நடந்ததை, அன்று அவரை எதிர்த்துப் பேசிய இசாகானி அண்ணனே எனக்குச் சொன்னார்.

"கல்லப் போடச் சொல்றியே லியோனிலா, கோழி வாயில என்ன பல்லா இருக்கு?"

"பல்லு இல்லாததாலதான்யா வயித்துக்குள்ள அரவை வச்சிருக்கு. நீ மாவாக் குடுத்தா பொழுது சாயறதுக்குள்ள கரைஞ்சு வெளிய போயிரும். அது ஓடு கட்டறது ராத்திரியில. அப்ப உன்னை வந்து எழுப்பியா கேக்கும்?"

"எழுப்பினா எழுந்து குடுத்துட்டுப் போறேன்."

"உன் பொண்டாட்டி எழுப்பினாலே நீ எழுந்திருக்க மாட்டே!"

கூட்டமே சிரித்ததாம். மறுநாள் முதலில் குருணை வாங்க வந்தவர் இசாகானி அண்ணனேதான். சில வாரங்களில் வியாபாரியின் வண்டியும் திரும்பி வந்தது.

அவர் கோபக்காரர்தான். ஆனால் தெரியாமல் தவறு செய்தவர்களிடம் கோபப்பட்டதை நான் பார்த்ததில்லை. மேட்டுத்தெருவில் ஒரு பெண், கணவரை இழந்தவர், ஆசையோடு முட்டைக்கோழித் தீவனத்தையும் சிப்பியையும் சின்னக் குஞ்சுகளுக்கே போட ஆரம்பித்தார். சீக்கிரம் முட்டை வரும், ஓடும் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தார். குஞ்சுகள் சிறுநீரகம் கெட்டு ஒவ்வொன்றாகச் செத்தன. ஊர் கைகொட்டிச் சிரித்தது. லியோனிலா அக்கா அந்த வீட்டுக்குப் போய், நம் ஊர் வழக்கப்படி சோற்றில் காப்பியை ஊற்றி அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "மொத முட்டை வர்ற நேரத்துக்குத்தான் இதெல்லாம். அதுவரைக்கும் அதுங்க புள்ளைங்கம்மா" என்றார். அடுத்த வாரம் தன் கொட்டகையிலிருந்தே வளர்ந்த கோழிகளைக் கூடையில் அனுப்பிவைத்தார். அந்தப் பெண் இன்று இங்கே மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

இப்படி ஒருவரை இனி எங்கே தேடுவோம்? வெயில் காலத்தில் கோழி தின்னாமல் மூச்சு வாங்கினால், விடியுமுன்பே வீடு வீடாகக் கதவைத் தட்டி, "குளிர்ச்சி இருக்கறப்பவே போடுங்க, தண்ணிய மாத்துங்க" என்று கத்த இனி யார் இருக்கிறார்கள்?

துக்க வீட்டில் இரவு கண்விழிக்கச் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம் இசாகானி அண்ணன் உடைந்த முட்டையைக் காட்டினார். "தலைவி போனதுல கோழிக்கும் மனசு விட்டுப்போச்சுடா" என்றார். சீட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

ஆனால், பெரியவர்களே, கோழிகள் துக்கப்படவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. துக்கப்படுவது நாம். அக்கா தினமும் தீவனமும் சிப்பியும் போடச் சொன்ன அதே நான்கு மணிக்குத்தான் அவருக்கான ஒன்பது நாள் செபம் தொடங்குகிறது. அக்காவுக்குச் செய்யும் மரியாதையாக ஒருவர் விடாமல் வருகிறோம். அதற்காக நாள் முழுவதற்குமான தீவனத்தையும் சிப்பியையும் காலையிலேயே கொட்டிவிட்டு வருகிறோம். குருணையே ஆனாலும், காலையில் தின்ற சிப்பி இரவுக்கு மிஞ்சுவதில்லை. சாயங்காலம் தொட்டி காலியாக இருக்கிறது. அப்போது அந்தக் கோழி என்ன செய்யும்? ஓட்டுக்கு வேண்டியதைத் தன் எலும்பிலிருந்து எடுக்கும். இன்று முட்டை உடைகிறது. இப்படியே செபம் முடியும்வரை போனால் கோழிகள் எழுந்து நிற்க முடியாமல் கூண்டிலேயே படுத்துவிடும்.

சங்கத்தின் சார்பில் உறுதி சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். சிப்பி உடைக்கும் எந்திரம் நிற்காது. குருணை நைசாகாது. வெயில் காலத்தில் கதவைத் தட்டும் வேலையை, எனக்குக் கூச்சமாக இருந்தாலும், நானே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மேடையேறியதிலிருந்து சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு பெர்னாபே அண்ணனிடம் மட்டும் கேட்டேன். அவர், "அவ அப்பா செத்தப்பகூட செபத்துக்கு நடுவுல எழுந்து போய்க் கோழிக்குப் போட்டுட்டு வந்தவதான். நீ சொல்லும்மா" என்றார்.

அதனால் கேட்கிறேன். செபம் சொல்லும் சொலிடா அம்மா, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், மீதமுள்ள நாள்களில் செபத்தை ஆறரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்தே. இப்போது மணி நான்காகப் போகிறது. சங்க வாசலில் சிப்பி மூட்டைகளைப் பிரித்து வைத்திருக்கிறேன். எனக்காகக் கைதட்ட வேண்டாம். ஆளுக்கு ஒரு வாளி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். கோழிக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.