ஐம்பத்தோராவது மீற்றர்

ஒபீசர், மிசிசாகாவுக்கு இருபத்தாறு வருடம் கார் ஓட்டி வேலைக்குப் போனவன் நான். பொலிஸிடம் ஒரு தண்ட டிக்கெற் கூட வாங்கியதில்லை.

கருக்கலைப்பு கிளினிக் வாசலில் பதாகை பிடித்து நின்றபோதும் அப்படித்தான். ஐம்பது மீற்றருக்குள் எதிர்ப்புக் காட்டுவது குற்றம் என்று பொலிஸ்காரர் பணிவாகச் சொன்னார். மறுநாளே நாடா பிடித்து அளந்து, ஐம்பத்தோராவது மீற்றரில், நாய்களுக்கு முடி வெட்டும் கடை வாசலில் நின்றேன். காற்றடித்தால் பதாகையின் ஓரம் எல்லைக்குள் போனது. கத்தரித்தேன். ‘உயிர்’ என்பது ‘உயி’ ஆனது.

பிறகு சட்டத்தரணி கிறிஸ்ரினாவிடம் போய், பேச்சுரிமையை அரசியலமைப்பு தரவில்லையா என்று கேட்டேன்.

“ஓம் பஸ்ரியன் அங்கிள், பேச உங்களுக்கு உரிமை இருக்கு. கேக்காமல் போக கிளினிக்குக்கு வாற பெண்களுக்கும் இருக்கு.”

நியாயமாகப் பட்டது. பேச்சை நிறுத்திவிட்டேன்.

நாய்க்கடை காலியானதும் வாடகைக்கு எடுத்தேன். கிளினிக் என்று எழுதினால் பொய். ‘பெண்கள் வரவேற்பறை’ என்று பலகை போட்டேன். பத்து நாற்காலி, மீன்தொட்டி, இலக்கச் சீட்டு. பெண்கள் தாமாகவே உள்ளே வந்தார்கள். டொக்டர் வந்ததும் கூப்பிடுவோம் என்றேன். டொக்டர் வரவில்லை, கூப்பிடவுமில்லை. காத்திருந்தே ஒன்பது பேருக்குக் கலைப்பதற்கான நாள் கடந்துபோனது. அதைச் செய்தது நாட்காட்டி.

துவாரகா அஜக்ஸிலிருந்து ரெயினில் வருவாள். இருபத்திரண்டு வயது, இதயத்தில் கோளாறு. பிள்ளையைச் சுமந்தால் உயிருக்கு ஆபத்து என்று குடும்ப வைத்தியர் எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு, இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். கிழமைக்கொரு தடவை வரச்சொன்னேன், வந்தாள். மீன்களுக்குப் பெயர்கூட வைத்தாள்.

வரத் தொடங்கிய பதினான்காவது கிழமை மூச்சு வாங்கியபடி கேட்டாள். “அங்கிள், எனக்கு முன்னால இன்னும் எத்தினை பேர்?”

அறையில் வேறு யாருமில்லை.

“அடுத்தது நீங்கள்தான், பிள்ளை,” என்றேன்.

அன்று மத்தியானம் நாற்காலியிலேயே சரிந்தாள். அம்புலன்ஸுக்கு போன் அடித்தது நான்தான். இரண்டு உயிரும் தங்கவில்லை.

ஓம், அந்தக் கடிதத்தை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை. என் மேசை லாச்சியில்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களைப் பற்றித்தான் கதைப்பாள், அண்ணை. நீங்கள் ஒராள்தான் என்ர பிள்ளையை அக்கறையாப் பாத்தனீங்கள்,” என்று அழுதார்.

அதில் மறுக்க என்ன இருக்கிறது? தலையாட்டினேன்.