மஞ்சள் கோடு

சேலம் போகும், அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரி பஸ் மேடு ஏறாமல் நின்றது நல்லதாயிற்று. முன் சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

வெண்ணந்தூரில் ஏறிய அம்மாள் பக்கத்திலிருந்த செவ்வாப்பேட்டைக்காரியிடம், "மாப்பிள்ளை ஊடு உங்க பேட்டையில ஆத்தோரந்தானுங்க. செவுத்துல மஞ்சக்கோடு இழுத்துக் குங்குமம் வெச்சிருந்தாங்க. கொலசாமின்னு கும்பிட்டு, அங்கயே பொண்ணு தர்றதா எங்க ஊட்டுக்காரரு வாக்குக் குடுத்துட்டாருங்க" என்றாள்.

"அது சாமியில்லீங்க. போன ஐப்பசியில வெள்ளம் ஏறுன அளவு. வடிஞ்சதும் ஆத்துக்கு மரியாதையா அப்படிப் பொட்டு வெப்போம்."

"அந்தக் கோடு இடுப்புக்கு மேல இருந்துச்சுங்களே!"

"வருசத்துல ரெண்டு நாள் பரண்ல இருக்கோணுங்க. மத்த நாளெல்லாம் நாலு எட்டு வெச்சாக் கடைவீதி. ராணியாட்டம் இருக்கலாம்."

வெண்ணந்தூர் அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாக்குக் குடுத்தாச்சு. சீரோட ஒரு ஏணியும் சேத்துடறேனுங்க."