தள்ளினான், தள்ளாடினான்

எனக்கு வயது நாற்பத்தேழு. நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் மகளுடன் குடியிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக அதே நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கிறேன். சாட்சி சொல்வதைச் சொன்னபடி டைப் செய்வது என் வேலை.

நேற்று, திங்கட்கிழமை காலை, கிடங்குப் படியில் விழுந்து இறந்த சுமைக்காரரின் அக்கா சாட்சி சொன்னார். கிடங்கு முதலாளி குற்றவாளிக் கூண்டில் நின்றார். "படியில தள்ளினான், விழுந்தான்" என்றார் அந்த அக்கா. அழுதபடியே கூண்டிலிருந்து இறங்கிவிட்டார். அதை அப்படியே டைப் செய்தேன். கைநாட்டு வாங்குவது இன்றைக்குத் தள்ளிப்போனது.

அதன் பிறகு மாலை ஐந்தரை மணிக்கு, முதலாளியுடைய வக்கீலின் குமாஸ்தாவான என் உடன்பிறந்த அண்ணன் என் அறைக்கு வந்து, வழக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, "ஒரே ஒரு எழுத்து கூடப் போடு, தள்ளாடினான்னு. குடிச்சிட்டுத் தானா விழுந்ததா ஆயிடும். அந்தம்மா படிக்காதவங்க. ஜட்ஜும் அடுத்த வாரம் மாறிப் போறாரு, புதுசா வர்றவருக்குத் தாள்ல இருக்கிறதுதான் தெரியும்" என்றார். சட்டத்தை வைத்தே வயிறு வளர்க்கிறவர் இப்படிக் கேட்டதும் எழுந்து கதவைத் திறந்தேன். "செத்தவனைக் குடிகாரனாக்கவா நான் உட்கார்ந்திருக்கேன்? வெளியே போண்ணா" என்றேன். அதற்கு அவர், "உன் பொண்ணு ரெண்டு வருஷமா சும்மா இருக்கா. கிடங்கு ஆபீஸ்ல வேலை போட்டாச்சு. வேணாம்னா அவகிட்டயே சொல்லிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை இனி அண்ணன் என்று கூப்பிட மாட்டேன்.

அதன் பிறகு இன்று காலை, முதலில் டைப் செய்த தாளையே அந்த அக்காவுக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி, நீதிபதியிடம் வைத்துவிட்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

இத்துடன் கொடுத்திருக்கும் கிடங்கு வேலை உத்தரவை என் மகளே கொண்டுவந்து கொடுத்தாள் என்று சற்று முன் சொன்னேன், எழுத்தரும் எழுதிவிட்டார். அந்த வரியை அடிக்கச் சொல்கிறேன். அது பொய். நேற்று இரவு அவள் குளிக்கப் போனபோது அவள் பையிலிருந்து நானே எடுத்தேன். சம்மதம் என்று அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எதற்காகக் கொடுத்த வேலை தெரியுமா என்று கேட்டேன். "மாமா சொன்னாரு. ஒரு எழுத்துதானேம்மா" என்றாள்.

அடித்த வரிக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நானாகச் சொன்னது, நடந்தது. நானே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தட்டச்சர்