ஒரு ஸ்பூன் வறுத்த எள்ளெண்ணெய்

கொத்துக்கறியைக் கழுவக் கூடாது என்று என் மகள் ரிஹானாதான் எனக்குச் சொன்னாள். நாங்களெல்லாம் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் அலசுகிறவர்கள். அலசினால் கறி தண்ணீர் விட்டு வெந்துவிடும், வறுபடாது என்பாள். அவள் சொன்னது சரிதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

செய்வது சுலபம் இன்ஸ்பெக்டரம்மா. சட்டி நன்றாகக் காய வேண்டும். எண்ணெய் இல்லாமலே மாட்டுக் கொத்துக்கறியைப் போட்டு, கட்டியில்லாமல் உடைத்துவிட்டுச் சிவக்க விட வேண்டும். பிறகு பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை, இடித்த மிளகாய். சாறு சுண்டியதும் சுடுசோற்றின் மேல் அள்ளி வைத்து வெங்காயத்தாளைத் தூவ வேண்டும். கடைசியாக ஒரு ஸ்பூன் வறுத்த எள்ளெண்ணெய். மொத்தமே கால்மணி நேரம். கொரியாக்காரர்கள் வேலை விட்டு வந்து அவசரத்துக்குச் செய்துகொள்வதாம். அந்த எண்ணெய் கருப்பாக, சின்ன பாட்டிலில் சேலத்தில் கிடைக்கிறது. வாசனை அடுத்த வீடு வரை போகும். வேறு எந்த வாசனையும் அதற்கு முன்னால் நிற்காது.

ரிஹானாவுக்கு நிலக்கடலை ஆகாது. இரண்டு வயதில் கண்டுபிடித்தோம். அப்போது என் வீட்டுக்காரர் உசேன் நாமகிரிப்பேட்டையில் கடலைச் செக்கு வைத்திருந்தார். அவருடைய சட்டையில் ஒட்டிய பிண்ணாக்குத் தூளுக்கே குழந்தையின் உதடு வீங்கியது. ஒரே மாதத்தில் செக்கை நாச்சிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டு ஜவ்வரிசி வியாபாரத்துக்கு மாறினார். இருபத்திரண்டு வருடம் என் வீட்டில் கடலைச் சட்னி அரைத்ததில்லை. எனக்கு அது உயிர். மூச்சடைத்தால் உடனே போட வேண்டிய ஊசியைச் சேலத்து டாக்டர் எனக்குப் போடக் கற்றுக்கொடுத்தார். தொடையில், துணிக்கு மேலேயே குத்தலாம். அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஓடாத ஆஸ்பத்திரி இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பதினெட்டு வயதில் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்ப இருந்த அன்று, பக்கத்து வீட்டில் கொடுத்த பர்பியைத் தெரியாமல் தின்றுவிட்டாள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை. நான்தான் ஊசி போட்டேன். இரண்டு நாள் என் மடியில் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எங்கயும் போயிராதீங்க" என்றாள். ஹாஸ்டல் வேண்டாமென்று ராசிபுரத்திலேயே சேர்ந்தாள். அந்த இரண்டு நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை மட்டும் மறைக்கக் கூடாது.

பிறகு பள்ளிபாளையத்திலிருந்து அல்தாப் வீட்டார் பெண் பார்க்க வந்த நாள். அரை ஸ்பூன் கடலைப்பொடி, தேங்காய்த் துவையலில். முகம் வீங்கிய பெண்ணைப் பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அடுத்தது போன வருடம், சென்னையில் இன்டர்வியூ இருந்த நாள். அப்போது கால் ஸ்பூன் போதுமாக இருந்தது. இரண்டு தடவையும் ஊசியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் சோறு போட்டேன். அளவு தெரியாமல் எதையும் செய்கிறவள் நான் இல்லை.

இன்டர்வியூவுக்குப் பிறகுதான் அவள் மாறினாள். உடம்பு வீங்கிய நாள்களைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். கத்தவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"இனிமே எனக்கு நானே ஆக்கிக்கறேன். என் தட்ட நீங்க தொட வேண்டாம்."

"பெத்தவ கையில திங்க மாட்டியா கண்ணு?"

"பெத்தவ கையிலதான் திங்க மாட்டேன்."

அவள் அத்தா உசேனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் தாங்க மாட்டார் என்று விட்டுவிட்டாள். தனிச் சட்டி, தனிக் கரண்டி, அலமாரியில் தனித் தட்டு. என் வீட்டில், என் கண்ணெதிரே, பதினோரு மாதம் இந்தக் கிண்ணச் சோற்றையே சமைத்துத் தின்றாள். போனில் கொரிய பாஷையும் படித்தாள். நான் வைத்த குழம்பு மூடி திறக்காமலே இருக்கும். உசேன் அதைப் பார்த்து, "மக கொரியாக்காரியா மாறிட்டா, நீ இன்னும் ரசத்தையே வெச்சுக்கிட்டு இருக்கற" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபமே வராது என்று எல்லாரும் சொல்வார்கள்.

போன மாதம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் பஸ். என்னிடம் சொல்லவில்லை. பெட்டி கட்டுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து செக்குக்குப் போனேன். அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். "ஏனுங்கக்கா, இருவத்திரண்டு வருசங் கழிச்சு இப்பத்தான் நம்ம செக்கு ஞாபகம் வந்துதுங்களா" என்று கேட்டுக்கொண்டே அரை லிட்டர் ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு ஆட்டிய கடலை எண்ணெய். வீட்டுக்கு வந்து அவளுடைய கருப்பு பாட்டிலில் பாதியைக் கொட்டிவிட்டு, இதை ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அவள் கைப்பையில் ஒரு ஊசி வைத்திருப்பாள். அதை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். எதற்கென்றால், வேண்டும்போது என்னிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

சனிக்கிழமை மத்தியானம். உசேன் ஆத்தூருக்கு ஜவ்வரிசி லோடு பார்க்கப் போயிருந்தார். அவள் கறியை வறுத்தாள், சோற்றின் மேல் வைத்தாள். எண்ணெயை ஒரு ஸ்பூன் ஊற்றினாள், இன்னொரு ஸ்பூனும் ஊற்றினாள். இரண்டாவது ஸ்பூன் அவளாக ஊற்றியது. தட்டைத் தொட வேண்டாம் என்றாள், நான் தொடவில்லை.

நாலாவது வாயில் நிறுத்தினாள். எழுந்து போய்க் கைப்பையைக் கவிழ்த்துத் தேடினாள். போன் மாடியில் சார்ஜில் இருந்தது. அங்கே போக முடியாமல் சமையலறைக் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன். இடுப்பிலிருந்து ஊசியை எடுத்து, அவள் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அம்மான்னு ஒரு வார்த்த கூப்பிடு கண்ணு" என்றேன்.

அவள் ஊசியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது ஒரு தாயைப் பார்க்கிற பார்வை இல்லை. கையை நீட்டினாள். கேட்கிற கை மாதிரி எனக்குத் தெரியவில்லை. பிடுங்குகிற கை. நான் ஊசியை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபதிலிருந்து ஒன்று முப்பத்தைந்து வரை நான் அந்த இடத்தை விட்டு எழவில்லை. அவள் தலை என் காலில்தான் சாய்ந்தது.

ஆத்தூரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த உசேன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஊசி எங்கே என்று. முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிரிக்காத ஊசி.

தொண்டை அடைத்தவள் எப்படிம்மா கூப்பிடுவாள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். குரல் முதலில் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று தடவை பார்த்தவள் நான். என் பெயர் வஹீதுன்னிசா, ரிஹானாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் அதற்குக் கீழே எழுத வேண்டும். இருபத்துநான்கு வருடத்தில் அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததே இல்லை.